ஜாக்ஃப்ரூட்: ஒரு பெயரின் பூர்வீகம்

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

பலாப்பழத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ஜாக்ஃப்ரூட். இந்தத் தொகைச்சொல்லின் பின்பாதி பழத்தைக் குறிக்கிறது என்பது வெளிப்படை. முன்பாதியில் நிற்கும் ஜாக் எங்கிருந்து வந்தது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

கிழக்கிந்தியக் கம்பெனியில் பணிபுரிந்த வில்லியம் ஜாக் என்னும் ஸ்காட்லாந்துத் தாவரவியலாளரின் பெயர்தான் இது என்றொரு விளக்கம் உண்டு. 1795இல் பிறந்து, மலாய்ப் பகுதித் தாவரங்களை ஆராய்ந்து, 27 வயதிலேயே மறைந்துவிட்ட அவரது உழைப்பு போற்றத்தக்கது. எனினும் இந்தப் பெயர் அவருடையதன்று. கண்டி அரசரிடம் 19 ஆண்டுகளுக்கு மேல் சிறைப்பட்டிருந்து தப்பிய ராபர்ட் நாக்ஸ், 1681இல் வெளிவந்த தம் இலங்கை நூலிலேயே இதைத் தாங்கள் 'ஜாக்ஸ்' என்று அழைப்பதாக எழுதியிருக்கிறார். சிங்களவர் பிஞ்சைப் பொலொஸ் என்றும் காயைக் கொஸ் என்றும் பழுத்ததை வரக்கா என்றும் பிரித்துச் சொல்வதையும் அவர் கவனித்து எழுதியிருப்பது எனக்குப் பெருமதிப்பைத் தருகிறது. வில்லியம் ஜாக் பிறப்பதற்கு 114 ஆண்டுகளுக்கு முன்பே ஆங்கிலேயர் நாவில் அந்தச் சொல் புழங்கியிருக்கிறது.

ஆங்கிலேயருக்கு அதைக் கொடுத்தவர்கள் போர்ச்சுக்கீசியர். கோவாவில் வாழ்ந்த மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் அச்சிட்ட நூலில், மலபாரில் இதற்கு வழங்கும் பெயரை 'ஜாகா' என்று குறிக்கிறார். அது மலையாளத்துச் 'சக்க'தான். அவருக்கும் ஏறத்தாழ 230 ஆண்டுகள் முந்தியவர், கொல்லத்தின் ஆயராக நியமிக்கப்பட்ட ஜோர்டானுஸ் பாதிரியார். இதன் பெயரைச் 'சாக்கி' என்று லத்தீனில் எழுதி, ஒரு பழம் ஐந்து பேருக்குப் போதும் என்று வியந்தார். நம் குமரி மாவட்டத்தில் இன்றும் சக்கை என்றால் பலாப்பழம்தானே!

மலையாளத்தில் மரத்தின் பெயர் பிலாவு. அது நம் பலாவுக்கு உறவுடையது. கனியின் பெயர் சக்க. கப்பலேறிப் போனது கனியின் பெயர் மட்டுமே. ஆகவே ஜாக் என்பதற்குள்ளேயே பழம் இருக்கிறது. அதே ஒலியில் ஆட்பெயர் ஒன்று தங்கள் மொழியில் வழங்கியதால், குழப்பம் நேராதிருக்க ஆங்கிலேயர் பின்னாளில் 'ஃப்ரூட்' என்பதையும் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து.