கடைசி அரை அங்குலம்

நேயர்களுக்கு வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் எனக்குத் தென்னந்தோப்பு. தேங்காய் போட்டு வைக்கும் சாளையில் ஒரு பழைய ஜீப்பும் நிற்கிறது.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது ரெண்டாவது கியர் தானாகக் கழன்றுகொண்டது. லீவரை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடியே வீடு வந்து சேர்ந்தேன். அப்புறம் கியர் பாக்ஸை இறக்கி, பட்டறையில் கொடுத்துச் சரிசெய்து வாங்கினேன். இறக்குவது லேசு, அதன் கனமே பாதி வேலையைச் செய்துவிடும். ஏற்றுவதுதான் பாடு.

ஒரு சிமென்ட் மூட்டை 50 கிலோ. நாலு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் இழுவைப் பெட்டியும் (டிரான்ஸ்பர் கேஸ்) சேர்ந்த ஜீப் கியர் பாக்ஸ் அதையும் தாண்டும். மூட்டையையாவது தோளில் சாய்த்துக்கொள்ளலாம், இதற்குப் பிடிமானமே கிடையாது. எண்ணெய்ப் பிசுக்கு வேறு.

முதல் தடவை நாலு பேர் அடியில் படுத்து நெஞ்சில் வைத்துத் தூக்கினோம். கியர் பாக்ஸின் ஷாப்ட் இன்ஜின் பக்கம் உள்ளே போனது, கடைசி அரை அங்குலம் மட்டும் சேரவில்லை. "ஏனுங்கண்ணா, போல்ட்டப் போட்டு இறுக்குனா வந்துருமில்லீங்?" என்றான் பக்கத்துத் தோட்டத்துப் பையன். நானும் இறுக்கினேன். பட்டென்று ஒரு சத்தம். கியர் பாக்ஸ் கூட்டின் வார்ப்பிரும்புக் காது கையோடு வந்துவிட்டது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, ஸ்பேனர் என் கையில்தான் இருந்தது. வேறு கூட்டுக்காக உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் இரண்டு நாள் அலைந்தேன்.

கோளாறு, இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே உள்ள கிளட்ச் பிளேட்டில். அதை நடு மையத்தில் நிறுத்தாமல், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை இறுக்கிவிட்டிருக்கிறேன். ஷாப்டின் முனை பிளேட்டைத் தாண்டி, இன்ஜின் கிராங்க் நுனியில் இருக்கும் பைலட் புஷ் என்ற சின்ன வளையத்துக்குள் நுழைய வேண்டும். மயிரிழை விலகினாலும் அங்கே முட்டிக்கொள்ளும். லேத் பட்டறையில் அதே அளவுக்கு ஒரு மரக்கட்டை கடைந்து வாங்கினேன். அதைச் செருகி வைத்துக்கொண்டு பிரஷர் பிளேட்டை இறுக்கி, பிறகு கட்டையை உருவிவிட்டேன். வண்டி பிரிந்து கிடக்கும்போதே பைலட் புஷ்ஷையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது தூக்குவது. ஜீப்பில் தரைத் தகடு கழன்று வரும். வண்டி உடம்பின் இரு பக்கமும் படுகிற மாதிரி குறுக்கே ஒரு கனத்த பைப்பைப் போட்டு, போர் மோட்டார் ஏற்றி இறக்குபவரிடம் செயின் பிளாக் (சங்கிலி இழுத்துப் பாரம் தூக்கும் கப்பி) இரவல் வாங்கி அதில் மாட்டினேன். சாளை விட்டத்தில் மாட்டலாமே என்பார்கள். வேண்டாம், அது ஓட்டுக்காகப் போட்டது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுக்கவும் கூடாது, சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். சேசிஸுக்கு அடியில் கனமான மரக்கட்டைதான். இன்ஜின் பின்பக்கம் தொங்காமல் அதற்கும் ஒரு ஜாக்கி.

சங்கிலியைக் கண்ணி கண்ணியாக இழுத்து, இன்ஜின், கியர் பாக்ஸ் இரண்டின் முகத்துக்கும் நடுவே தெரியும் சந்து மேலும் கீழும் ஒரே அளவாகும்வரை ஏற்றினேன். மேலே அகலம், கீழே குறுகல் என்றால் கோணல். டாப் கியரில் போட்டு, இழுவைப் பெட்டிக்குப் பின்னால் உள்ள பிரேக் டிரம்மைக் கையால் மெல்லத் திருப்பச் சொன்னேன். ஷாப்டின் பல் பிளேட்டின் பல்லில் விழுந்தது. விரலால் தள்ளியதற்கே அந்த அரை அங்குலம் மூடிக்கொண்டது. போல்ட்டை அப்புறம்தான் எடுத்தேன்.

90 நம்பர் ஆயிலைப் பக்கவாட்டுத் துளை வழியாக, அது திரும்ப வழிகிறவரை ஊற்றுங்கள். இழுவைப் பெட்டிக்குத் தனித் துளை உண்டு, அதை மறந்துவிட்டுத்தான் நான் வண்டியை ஸ்டார்ட் செய்யப் போனேன். பையன்தான் கையைப் பிடித்தான்.