அஞ்சு வாளிப் பாலும் ஒரு கழுதையும்

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணாச்சிமாரே, பாளையங்கோட்டைப் பெரியோர்களே, வணக்கம். எட்டு நிமிஷம்தான் குடுத்திருக்காக, நேரா விஷயத்துக்கு வந்துருதேன்.

விலங்குப் பண்ணையைக் கெடுத்தது பன்றிகளின் பேராசையா, மற்ற மிருகங்களின் மௌனமா? மௌனம்தான்னு சொல்லுத அணி நாங்க. ஜார்ஜ் ஆர்வெல்ங்கிற இங்கிலீஷ் எழுத்தாளர் 1945-ல வெளியிட்ட கதை. முதலாளியை விரட்டிட்டு மிருகங்களே பண்ணையை நடத்துது, பன்றிக தலைமைக்கு வந்துருது. தலைமைப் பன்றி நெப்போலியன்தான் சோவியத் ரஷ்யாவை ஆண்ட ஸ்டாலின், விரட்டப்பட்ட ஸ்னோபால் பன்றிதான் ஸ்டாலின் நாடு கடத்துன ட்ராட்ஸ்கி. அதெல்லாம் முன்னால பேசுனவுக சொல்லிட்டாக. நான் பால் வாளிக்கு வாரேன்.

முதலாளி ஜோன்ஸை விரட்டி விடிஞ்சா மறுநாள். அஞ்சு வாளிப் பால் நுரை ததும்ப நிக்கி. "பாலை விடுங்க, அறுப்புக்குப் போங்க"ங்கான் நெப்போலியன். சாயங்காலம் வந்து பாத்தா பாலைக் காணோம். காணோம்னு எல்லாருக்கும் தெரியும், எங்கன்னு ஒருத்தரும் சண்டை போடல. பொறவு நெப்போலியனுக்காகப் பேசுத ஸ்குவீலர் பன்றி வந்து, "நாங்க மூளை வேலை பாக்கோம், பால் எங்களுக்கு வேணும். இல்லாட்டி ஜோன்ஸ் திரும்பி வந்துருவான்"னான். அல்வாவுக்குப் பேர்போன ஊர்ல நின்னு சொல்லக்கூடாதுதான், ஆனாலும் பண்ணைக்கே அல்வா குடுத்தது அவன்தான்!

இதுக்கு எதிரணித் தலைவர் என்ன சொன்னாக? "வாசிக்கத் தெரிஞ்சது பெஞ்சமின் கழுதை. கழுதை கத்துனா எவன் கேப்பான்?" நல்லா கை தட்டுனீக. அந்தக் கைதட்டை வட்டியோட வசூலிக்காம நான் இறங்கப் போறதில்ல.

ஒரு நிலா ராத்திரி, மணி பன்னெண்டு. முற்றத்துல தடால்னு சத்தம். எல்லாம் ஓடி வருது. தார் பூசுன சுவர், அதுல முப்பது கெஜத்துக்கு அப்பால நின்னு வாசிக்கிற மாதிரி வெள்ளை எழுத்துல, பண்ணைக்குச் சட்டமா எழுதி வச்ச ஏழு கட்டளை. சுவத்தடியில ஏணி ரெண்டு துண்டாக் கெடக்கு. பக்கத்துல ஸ்குவீலர் விழுந்து கெடக்கான். லாந்தர் ஒரு பக்கம், பிரஷ் ஒரு பக்கம், வெள்ளை பெயிண்ட் டப்பா கவுந்து ஓடுது. மறுக்கா சொல்லுதேன் அண்ணாச்சி: ஏணி, பிரஷ், பெயிண்டு, பன்னி! பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தானா? அதுவும் நடுச்சாமத்துல? ஒரு மிருகத்துக்கும் விளங்கல. நெப்போலியனோட காவல் நாய்க வந்து வட்டம் போட்டு நின்னு, அவன் எந்திரிச்சதும் கூட்டிட்டுப் போயிருச்சு.

பெஞ்சமின் மட்டும் தெரிஞ்ச மாதிரி மூஞ்சியை ஆட்டுச்சு. ஆட்டுனதோட சரி. நாலு நாள் கழிச்சுப் பாத்தா "மது குடிக்கக் கூடாது"ங்கிறது "அளவுக்கு மீறி மது குடிக்கக் கூடாது"ன்னு ஆயிருக்கு. அதுக்கு முன்னாலயே குளோவர் குதிரை வந்து, "ஆறாம் கட்டளையை வாசிச்சுச் சொல்லேன்"னு கெஞ்சுனதுக்கு, "இதுல எல்லாம் நான் தலையிடுறதில்ல"ன்னுச்சு.

கோழிகளையும் சொல்லணும். நெப்போலியன் வாரம் 400 முட்டை கேட்டப்போ, பரண்ல ஏறி முட்டை போட்டு உடைச்சுதுக. தீனியை நிறுத்திட்டான். அஞ்சு நாள் தாங்குச்சு, ஒன்பது கோழி செத்துச்சு. பக்கத்துல நின்னது யாரு? ஒருத்தருமில்ல.

இப்போ கேளுங்க. கழுதை ஒருதரம் கத்துச்சு! பாக்ஸர் குதிரை காத்தாலைக்குக் கல்லு இழுத்து இழுத்து விழுந்து கெடந்தான். பெஞ்சமின் பேசாம கூடப் படுத்து வாலால ஈ ஓட்டுச்சு. ரெண்டு நாள்ல வண்டி வந்துச்சு. ஆஸ்பத்திரி வண்டின்னு நம்பிக்கிட்டாக. பெஞ்சமின் நாலு கால் பாய்ச்சல்ல கத்திக்கிட்டு வந்தப்போ, டர்னிப் காட்டுல களை எடுத்தவுக அம்புட்டுப் பேரும் பன்றியோட காவலைப் போட்டுட்டு ஓடியாந்தாக. எவன் கேப்பான்னா கேட்டீக அண்ணாச்சி? எல்லாரும் கேட்டாக! வண்டிப் பலகையில குதிரை அறுக்கிறவன் பேர் எழுதியிருக்குன்னு வாசிச்சும் காட்டுச்சு.

ஆனா கதவு பூட்டியாச்சு. "பாக்ஸர், இறங்கு!"ன்னு கத்துதாக. உள்ள இருந்து குளம்பால கதவை உதைக்கிற சத்தம். எத்தனையோ பேரு சேந்து இழுக்கிற பாரத்தை ஒத்தையா இழுத்தவன், அந்தப் பலகைக் கதவை உடைக்க முடியல. தெரிஞ்சது நாலே எழுத்து. ஓய்வு கிடைச்சதும் மிச்சம் 22 எழுத்தையும் படிக்கணும்னு ஆசைப்பட்டவன்யா அவன்! சொல்லிக் குடுக்க ஆள் இல்லாமலா போச்சு? பக்கத்துக் கொட்டடியிலயே வாத்தியார் நின்னாரே!

மணியடிச்சிராதீங்க நடுவரே, முடிச்சிருதேன். பாக்ஸர் போன கொஞ்ச நாள்ல பன்றிகளுக்கு எங்கிருந்தோ காசு வந்து இன்னொரு பெட்டி விஸ்கி வாங்குனாக. அந்த விஸ்கிக் கணக்கை எதிரணி பேருல எழுதிக்கிடுங்க, பேராசைதான், ஒத்துக்கிடுதேன். குதிரைக் கணக்கை மட்டும் எங்க பேருல எழுதிருங்க. வணக்கம்.