ஹாக்கெட்டின் ரப்பர் கயிறு

வணக்கம் நேயர்களே. யாழ்ப்பாணத்தில் ‘பஞ்சி’ என்றால் சோம்பல். இன்று பேசப்போவது காலில் ரப்பர் கயிறு கட்டி உயரத்திலிருந்து தலைகீழாகக் குதிக்கும் பஞ்சி ஜம்பிங். இதில் குதிக்கிறவர் வேண்டுமானால் சோம்பேறியாக இருக்கலாம். கயிறு கட்டுகிறவர் இருக்கவே கூடாது.

இதன் வேர் வனுவாட்டு நாட்டின் பெந்தெகொஸ்தே தீவில் இருக்கிறது. அங்கே மரக்கோபுரத்திலிருந்து காலில் காட்டுக்கொடி கட்டிக் குதிப்பார்கள். கொடியில் ஈரப்பசை இருக்கும் ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் பருவம். 1974-இல் எலிசபெத் ராணி வருகிறார் என்று பருவம் தவறிக் குதித்தபோது கொடி அறுந்து ஒருவர் இறந்தார்.

கொடிக்குப் பதில் ரப்பரை 1979 ஏப்ரல் 1 அன்று இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துக் கிளிப்டன் பாலத்தில் ஆக்ஸ்போர்டு இளைஞர்கள் கட்டிப் பார்த்தார்கள். அதைப் பிழைப்பாக மாற்றியவர் நியூசிலாந்துக்காரர் ஏ. ஜே. ஹாக்கெட். நண்பர்களோடு லேடெக்ஸ் ரப்பர் எவ்வளவு நீளும், எப்போது அறும் என்று சோதித்து, 1986-இல் ஆக்லாந்து நகரத்துப் பாலமொன்றில் குதித்தார். 1987 ஜூனில் ராத்திரி முழுக்க ஈபிள் கோபுரத்தில் ஒளிந்திருந்து விடிகாலையில் பாய்ந்தார். போலீஸ் பிடித்தது, சீக்கிரமே விட்டும்விட்டது. உலகமே பார்த்த விளம்பரம், செலவு கொஞ்சம்தான். மறுவருடம் நவம்பரில் ஹென்றி வான் ஆஷ் என்ற கூட்டாளியோடு நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுன் பக்கம் 43 மீட்டர் உயரக் கவராவ் பாலத்தில் கடை திறந்தார். முதல் நாளே 28 பேர், ஆளுக்கு 75 நியூசிலாந்து டாலர்.

விளம்பரத்தை யார் வேண்டுமானாலும் செய்யலாம். பணம் கொடுத்தவரை உயிரோடு கரையேற்றுவதுதான் தொழில், அது தராசில் ஆரம்பிக்கிறது. ‘உங்கள் எடை என்ன’ என்று கேட்டு எழுதக் கூடாது, வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்பவர்கள் உண்டு. நிறுத்துப் பார்த்து, எண்ணைக் கையிலேயே மார்க்கரில் எழுதுகிறார்கள். மேடையில் இருப்பவர் அதைப் படித்துத்தான் கயிறு எடுப்பார்.

கயிறு என்பது நூற்றுக்கணக்கான மெல்லிய ரப்பர் இழைகளின் கட்டு. கனத்த ஆளுக்கு இழை அதிகம், ஒல்லியானவருக்குக் குறைவு. கனத்தவரை மெல்லிய கயிற்றில் விட்டால் தண்ணீரையும் தாண்டிப் போவார். ஒல்லியானவரைத் தடித்த கயிற்றில் விட்டால் வெடுக்கென்று நிற்கும். அந்த இழுப்பில் முதுகும் கண்ணும் அடிபடும்.

நீளக் கணக்கில்தான் அரைகுறை ஆட்கள் சாகிறார்கள். பாலம் 43 மீட்டர் என்றால் 40 மீட்டர் கயிறு போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். ரப்பர் மூன்றரை மடங்கு நீளும் என்று வையுங்கள். 11 மீட்டர் கயிறு 38.5 மீட்டராகும். கட்டு கணுக்காலில், தலை கீழே. ஆளின் உயரம் சேர்ந்தால் 40 தாண்டிவிடும். தண்ணீரைத் தொட ஆசைப்படுபவருக்குக் கொஞ்சம் கூட்டிவிடுவார்கள்.

கணுக்காலில் முதலில் துண்டைச் சுற்றி, அதன்மேல் பட்டை நாடாவை இறுக்குவார்கள். துண்டு இல்லாவிட்டால் நாடா தோலை அறுக்கும். இடுப்பில் தனியாக ஒரு காப்புக் கட்டும் உண்டு. காலில் போட்டது நழுவினாலும் அது பிடித்துக்கொள்ளும்.

இத்தனைக்குப் பிறகும் வாய்ச்சொல் கெடுக்கும். 2015-இல் ஸ்பெயினில் கயிற்றைப் பாலத்தோடு பிணைக்கும் முன்பே ஒரு டச்சுப் பெண் குதித்து இறந்தார். ‘குதிக்காதே’ என்று ஆங்கிலத்தில் ‘நோ ஜம்ப்’ என்று சொன்னது ‘நவ் ஜம்ப்’, அதாவது ‘இப்போது குதி’ என்று காதில் விழுந்திருக்கலாம் என்றது நீதிமன்றம். அதனால் பிணைப்பை இரண்டு பேர் சரிபார்க்கும் வரை குதிப்பவரை விளிம்புக்கே விடக் கூடாது.

ரப்பருக்கு வெயில் எமன். ஒவ்வொரு குதிப்பையும், வெயிலில் கிடந்த நேரத்தையும் கயிற்றுவாரியாகப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2000-இல் இந்த விளையாட்டுக்கென்றே 5848 என்ற எண்ணில் ஒரு பொது விதிமுறை வெளியிட்டன. ஆயுள் முடிந்த கயிற்றை முழுசாகக் குப்பையில் போடவும் கூடாது, துண்டுதுண்டாக வெட்ட வேண்டும். விட்டால் யாராவது எடுத்துப்போய் வேறொரு பாலத்தில் கட்டிவிடுவார்கள்.

நன்றி, வணக்கம்.