மருந்து எடுத்தாச்சா, சாப்பிட்டாச்சா?

வணக்கம் நேயர்களே. பேச வாங்கன்னு கூப்பிட்டப்ப எதப் பத்திப் பேசுவீங்கன்னு கேட்டாங்க, நான் "டூ, மேக், டேக், ஹேவ், இந்த நாலு பேரப் பத்தி"ன்னேன், போன்ல அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. இருபது வருஷமா சிங்கப்பூர் ஈசூன்ல வீட்டுலயே வச்சு பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்குறேன், பிள்ளைங்க மார்க்க கோட்ட விடுறது பெரிய பெரிய வார்த்தையில இல்லங்க, இந்த மாதிரி பொடி வார்த்தைங்கள்லதான்.

மொதல்ல எங்கம்மா கதைய சொல்லிடுறேன். அம்மாவுக்கு 78 வயசு, சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு. போன வருஷம் பாலிகிளினிக் கூட்டிட்டுப் போனேன். அங்க இருந்த மிஸ்ஸி, அதான் நர்ஸ், மலாய்க்காரப் பொண்ணு, ரொம்ப அன்பா, "ஆன்ட்டி, டிட் யூ டேக் யுவர் மெடிசின்?"னு கேட்டுச்சு. அம்மா உடனே கைப்பையத் திறந்து, மாத்திரை அட்டை எல்லாத்தையும் எடுத்து மேசையில வரிசையா அடுக்கிட்டு, "டேக், டேக்"னு தலைய ஆட்டுனாங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச டேக் அதான், எடுன்னா எடு. மிஸ்ஸி என்னப் பாக்குது, நான் மிஸ்ஸியப் பாக்குறேன்.

அப்புறம் வீட்டுக்கு வர்ற பஸ்ல உக்காந்து யோசிச்சேன், தப்பு அம்மா மேலயா இங்கிலீஷ் மேலயான்னு. தமிழ்ல நாம மருந்து சாப்பிடுறோம். மலாய்லயும் மாக்கான் ஊபாட், சாப்பிடத்தான் செய்றாங்க. சீனத்துல ச்சர்யாவ், அதுவும் சாப்பிடுறதுதான். நம்ம நாட்டுல அரசாங்க மொழி நாலு, அதுல மூணு மொழி மருந்த சாப்பிடுது, இங்கிலீஷ் ஒண்ணுதான் எடுக்குது! அப்ப இங்க ஒரு சின்னப் பிள்ள "ஐ ஈட் மெடிசின்"னு எழுதுனா அதுக்கு இங்கிலீஷ் வரலன்னு சொல்லிட முடியுமா, பக்கத்து வீடு, எதிர் வீடு, சொந்த வீடு மூணுலயும் கேட்டத எழுதியிருக்கு, அவ்வளவுதான்.

"ஓப்பன் தி லைட்" கதையும் இதேதான். சீனத்துல லைட்ட திறக்கிறாங்க, மலாய்லயும் புக்கா லம்புன்னு சொல்றவங்க இருக்காங்க, புக்கான்னா திறக்குறது. கேட்டு சிரிக்கிற நாம என்ன பண்றோம்? லைட்ட "போடுறோம்". எங்க போடுறோம்? லைட்ட மட்டுமா, காப்பி போடுறோம், சட்ட போடுறோம், கோலம் போடுறோம், சண்ட போடுறோம், கையெழுத்து போடுறோம், மத்தியானம் ஒரு குட்டித் தூக்கமும் போடுறோம். அடிய எடுத்துக்குங்க, மொட்ட அடிக்கிறோம், பெயிண்ட் அடிக்கிறோம், அரட்ட அடிக்கிறோம், வெயில் கூட அடிக்குது, ஒருத்தருக்கும் வலிக்கல. நம்ம மொழியில எந்தப் பொருளுக்கு எந்த வினைச்சொல்னு யாரும் நமக்கு சொல்லித் தரல, ஆனா "காப்பி செய்யட்டுமா"ன்னு யாராச்சும் கேட்டா ஆளு வெளியூருன்னு டக்குனு தெரிஞ்சுடும்.

வார்த்தைங்க இப்படி ஜோடி சேர்ந்து நிக்குறதுக்கு இங்கிலீஷ்ல காலோகேஷன்னு பேரு. 1950கள்ல மொழியியல்ல இந்தப் பேர நிலைக்க வச்சவர் ஜே. ஆர். ஃபர்த்னு ஒரு பிரிட்டிஷ் பேராசிரியர். இவரு அதுக்கு ரொம்ப முன்னாடி லாகூர்ல பாடம் நடத்தினவரு, 1934ல தமிழ் உச்சரிப்பப் பத்தியே ஒரு சின்ன விளக்கம் எழுதியிருக்காரு, ஆர்டன்னு ஒரு பாதிரியார் வெள்ளைக்காரங்களுக்காக எழுதின தமிழ் இலக்கணப் புத்தகத்தோட சேர்ந்து வந்துச்சு. நம்ம ஜோடி சமாச்சாரத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவரு நம்ம ழகரத்தோடயும் மல்லுக்கட்டியிருப்பாருன்னு நெனைக்கறப்ப எனக்கு ஒரு சந்தோஷம். அவருக்கு அடுத்து வந்த ஹாலிடேங்கிறவரு சொன்ன உதாரணம் நம்ம காப்பிக்கடைக்கே பொருந்தும், டீ ஸ்ட்ராங்கா இருக்கலாம், பவர்ஃபுல்லா இருக்கக் கூடாது, காருன்னா பவர்ஃபுல்லா இருக்கலாம். தே காவ், அதான் ஸ்ட்ராங் டீ, குடிக்கிறவங்க இத ஞாபகம் வச்சுக்குங்க.

சரி, டூவும் மேக்கும். இதுலதான் நானே அடி வாங்கியிருக்கேன். டீச்சர் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தேன், பில்லுல ஒரு நம்பர மாத்திப் போட்டுட்டேன், மன்னிப்புக் கேட்டு "ஐ ஹேவ் டன் எ மிஸ்டேக்"னு எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் அந்த "டன்"ன சுத்தி சிவப்புல ஒரு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தாரு, ஒரு வார்த்த பேசல. பில்லுல ஒரு தப்பு, மன்னிப்புலயும் ஒரு தப்பு, அது ஏன் தப்புன்னே எனக்குத் தெரியல. தமிழ்ல தப்பு "பண்ணுறோம்", சமையல் பண்ணுறோம், ஹோம்வொர்க் பண்ணுறோம், கல்யாணம் கூட பண்ணுறோம். மலாய்ல எல்லாத்துக்கும் புவாட்டுன்னு ஒண்ணு போதும், சீனத்துல ட்ஸுவோ. இங்கயும் பாருங்க, மூணு மொழியில ஒரே சொல்லு பாக்குற வேலைய இங்கிலீஷ் ரெண்டா வெட்டி வச்சிருக்கு.

பொதுவா ஒரு கணக்கு சொல்லுவாங்க, முன்னாடி இல்லாத ஒண்ணு புதுசா உண்டாச்சுன்னா மேக், இருக்கிற வேலைய முடிச்சா டூ. கேக், சத்தம், லிஸ்ட், தப்பு, சத்தியம் எல்லாம் மேக். ஹோம்வொர்க், துணி துவைக்கிறது, பாத்திரம் கழுவுறது, அடுத்தவங்களுக்கு ஒரு உதவி, இதெல்லாம் டூ. பாதி தூரத்துக்கு இந்தக் கணக்கு வரும். அப்புறம் "மேக் தி பெட்"னு ஒண்ணு வந்து நிக்கும், போர்வைய மடிச்சு விரிப்ப சரி பண்றதுதான், ஆனா மேக். என்கிட்ட படிச்ச பையன் ஒருத்தன் "டீச்சர், அதுக்கு ஐக்கியா போகணுமா?"ன்னான். அப்புறம் இன்னொண்ணு, முயற்சி பண்றதுக்கு "மேக் ஆன் எஃபர்ட்", முடிஞ்ச வரைக்கும் முயற்சி பண்றதுக்கு "டூ யுவர் பெஸ்ட்". இதுக்கு என்ன காரணம் சொல்லுவீங்க? நான் காரணம் சொல்றத நிறுத்தி ரொம்ப வருஷமாச்சு.

இங்கிலீஷ்காரங்களே ஒத்துப் போறதில்ல. லண்டன்ல குளியல "ஹேவ்" பண்ணுவாங்க, அமெரிக்காவுல "டேக்" பண்ணுவாங்க. முடிவு எடுக்கிற டிசிஷனுக்கு பிரிட்டிஷ்காரங்க டேக்கும் சொல்லுவாங்க மேக்கும் சொல்லுவாங்க, நான் பிள்ளைங்ககிட்ட மேக்னே எழுதுங்கடா, ரெண்டு ஊர்லயும் செல்லும்னு சொல்லிடுவேன். இந்த டேக் இருக்கே, அது இங்கிலீஷோட சொந்தச் சொல்லே இல்லங்க, வடக்கேருந்து கப்பல்ல வந்த வைக்கிங் ஆளுங்க கொண்டு வந்தது, அதுக்கு முன்னாடி நிமான்னு ஒரு சொல்லு இருந்துச்சு. அந்தப் பழைய சொல்லோட மிச்சம்தான் கை கால் மரத்துப் போனா நம்ப்னு சொல்றோமே அது.

பரீட்சையில ஒரு வேடிக்க நடக்கும். தமிழ்ல நாம பரீட்ச எழுதுறோம். இந்தியில பரீட்சைய "கொடுக்கிறாங்க", அதனால அங்கேருந்து புதுசா வர்ற பிள்ளைங்க "ஐ கேவ் மை எக்ஸாம்"னு சொல்லும். இங்க பள்ளிக்கூடத்துல அப்படி சொன்னா, இந்தப் பையன் எப்ப வாத்தியாரானான்னு பாப்பாங்க, ஏன்னா இங்க கொடுக்கிறவங்க டீச்சர், பிள்ளைங்க டேக் பண்ணணும், இல்லன்னா சிட் பண்ணணும்.

அப்ப எப்படித்தான் கத்துக்கிறது? என் வழி ரொம்ப சாதாரணம். வினைச்சொல்லப் புடிக்காதீங்க, பெயர்ச்சொல்லப் புடிங்க. டேக்குக்கு என்ன அர்த்தம்னு அகராதியில தேடுனா பக்கம் பக்கமா போகும், தல சுத்தும். அதுக்குப் பதிலா "பிராமிஸ்"ங்கிற வார்த்தையத் திறந்து உதாரண வாக்கியங்களப் பாருங்க, சத்தியம் பண்ணுனா மேக், காப்பாத்துனா கீப், மீறுனா பிரேக், மூணும் அங்கேயே உக்காந்திருக்கும். எங்க வீட்டுல பிள்ளைங்க நோட்டுல பெயர்ச்சொல்ல வலது பக்கம் எழுதி இடது பக்கம் காலியா விட்டுடும், எம்ஆர்டி ரயில் அறிவிப்புல, நியூஸ்ல, கதப் புத்தகத்துல அந்த ஜோடியக் கண்ணால பாத்தப்புறம்தான் காலி இடத்த நிரப்பணும், ஊகிச்சு எழுதக் கூடாது. "அட்டென்ஷன்"னு எழுதிட்டு மூணு வாரம் காத்திருந்த பொண்ணு ஒண்ணு, ஒரு நாள் ஓடி வந்து "டீச்சர், பே! காசு மாதிரி பே பண்ணணுமாம்!"னு கத்துச்சு. அது இனிமே மறக்கவே மறக்காது.

இப்ப எனக்குப் பெரிய கவல வேற பக்கம். இதே பிள்ளைங்க தமிழ்க் கட்டுரையில "நான் குளியல் எடுத்தேன்"னு எழுதுதுங்க, "பள்ளியில் புது நண்பர்களைச் செய்தேன்"னு எழுதுதுங்க. நண்பர்கள எந்த மாவுல செஞ்சன்னு கேட்டேன், அதுக்கு சிரிப்பு வரல, முழிக்குது. ஒரு தலமுறைக்கு முன்னாடி தமிழ்லேருந்து இங்கிலீஷுக்குப் போன தப்பு இப்ப ரிட்டர்ன் டிக்கெட் எடுத்து வந்திருக்கு. அதனால இப்ப அந்த நோட்டுல பின் பக்கத்துலேருந்து தமிழ் ஜோடியும் எழுதச் சொல்றேன், "நட்பு"ன்னு எழுதிட்டு ஒரு பையன் ரெண்டு நாளா காலி இடத்தப் பாத்துக்கிட்டே இருக்கான்.

அம்மாவுக்கு நான் வீட்டுல உக்கார வச்சு சொல்லிக் கொடுத்தேன், மெடிசின்னா டேக், அம்மா, ஈட் இல்லன்னு. சரி சரின்னாங்க. போன வாரம் திரும்பப் போனோம், அதே மிஸ்ஸி, அதே கேள்வி. அம்மா என்ன ஒரு பார்வ பாத்தாங்க, அப்புறம் மிஸ்ஸிகிட்ட திரும்பி, "சுடா மாக்கான்"னாங்க, மலாய்ல சாப்பிட்டாச்சுன்னு. அந்தப் பொண்ணு "பாகுஸ், ஆன்ட்டி", ரொம்ப நல்லதுன்னு சொல்லிட்டு பிரஷர் பாக்க கைய நீட்டச் சொல்லிடுச்சு.