தோற்றே பழகிய அணிக்கு வந்த புதுப் பயிற்சியாளர்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நம் ஊர்த் திடல்களில் காலால் உதைத்து ஆடும் ஆட்டம் இல்லை இது. தலைக்கவசமும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அந்த ஆட்டம். விதிகளை எல்லாம் விளக்க உட்கார்ந்தால் எனக்குக் கொடுத்த நேரம் போதாது. நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. இன்றைக்கு இது தெரிந்தால் போதும்.

நான் சொல்லப்போவது இந்தியானா பல்கலைக்கழக அணியின் 2024ஆம் ஆண்டு சீசனை. ப்ளூமிங்டன் என்ற ஊரில் இருக்கும் பல்கலைக்கழகம் அது. அந்த மாநிலத்துக்கே கூடைப்பந்துதான் உயிர். கூடைப்பந்தில் இந்தியானா ஐந்து தேசியப் பட்டங்கள் வென்றிருக்கிறது. கால்பந்திலோ, 2024 சீசன் தொடங்கும்போது, பெரிய கல்லூரிகளில் வரலாற்றிலேயே அதிகத் தோல்விகளைக் கண்ட அணி அதுதான். எழுநூறுக்கும் மேற்பட்ட தோல்விகள். 1887இல் ஆடத் தொடங்கியவர்கள், அதுவரை ஒரு சீசனில்கூடப் பத்து வெற்றிகளைத் தொட்டதில்லை. 1945இலும் 1967இலும் ஒன்பது வரை போனார்கள், அவ்வளவுதான்.

அந்த அணியின் மனநிலை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1976இல் லீ கோர்சோ அங்கே பயிற்சியாளர். பலசாலியான ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிரான ஆட்டத்தில் இந்தியானா 7-6 என்று முன்னிலை பெற்றது. உடனே கோர்சோ ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, அணியைக் கூட்டி, பின்னால் புள்ளிப் பலகை தெரியும்படி ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டார். இந்த மாதிரி நேரம் இன்னொரு முறை வருமோ வராதோ என்ற எண்ணம்தான். அன்று ஆட்டம் 47-7 என்று ஒஹாயோ ஸ்டேட்டின் வெற்றியில் முடிந்தது. கோர்சோவின் நகைச்சுவை எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு முன்னிலையைக் கண்டதற்கே படம் எடுத்து வைத்துக்கொள்ளும் அணி எவ்வளவு அடிபட்டிருக்க வேண்டும்!

2021இல் இரண்டு வெற்றி, 2022இல் நான்கு, 2023இல் மூன்று. பழைய பயிற்சியாளரை அனுப்பிவிட்டு, 2023 நவம்பர் கடைசியில் கர்ட் சிக்னெட்டியைக் கொண்டுவந்தார்கள். அப்போது அவருக்கு 62 வயது. அலபாமாவில் நிக் சேபன் என்ற பெரும் பயிற்சியாளரிடம் உதவியாளராக இருந்தவர். பட்டம் வென்ற அந்த இடத்தை விட்டுவிட்டு, 2011இல் பென்சில்வேனியாவின் ஒரு சிறிய கல்லூரிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். அவருடைய அப்பாவும் அதே கல்லூரியில் பயிற்சியாளராக இருந்தவர். அப்புறம் ஈலான், அதற்கப்புறம் வர்ஜீனியாவில் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம். தலைமைப் பொறுப்பேற்ற பிறகு வெற்றியைவிடத் தோல்வி அதிகமான சீசன் என்று அவருக்கு ஒன்றுகூட இல்லை. ஜேம்ஸ் மேடிசனில் மட்டும் 52 வெற்றி, 9 தோல்வி.

வந்த புதிதில் ஒரு செய்தியாளர் சந்திப்பில், இவ்வளவு மோசமான அணிக்கு வீரர்களை எப்படி நம்பவைத்து இழுப்பீர்கள் என்கிற மாதிரி கேட்டார்கள். "ரொம்ப எளிது. நான் ஜெயிக்கிறவன். கூகுளில் தேடிப் பாருங்கள்" என்றார். அமெரிக்காவெங்கும் அது பரவியது. திமிர் என்றார்கள் பலர். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் அவருடைய கணக்கைப் பார்த்தால் அதில் பொய் ஒன்றும் இல்லை.

எப்படிச் சாதித்தார் என்பதுதான் எனக்குச் சுவையான இடம். முன்பெல்லாம் புதுப் பயிற்சியாளர் வந்தால், பள்ளிப் பையன்களைத் தேடிப்பிடித்து, மூன்று நான்கு ஆண்டுகள் பழக்கி, மெல்ல ஓர் அணியைக் கட்டுவார். கல்லூரி மாறும் வீரன் ஓர் ஆண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 2021இல் அதைத் தளர்த்தினார்கள். அதே ஆண்டு, வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் வாங்கலாம் என்றும் ஆகிவிட்டது. சிக்னெட்டி இந்தப் புதிய வசதியைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். கல்யாணச் சமையல்காரர் தன் கையாட்கள், அண்டா, கரண்டி எல்லாவற்றோடும் வந்து இறங்குவாரே, அதுபோல ஜேம்ஸ் மேடிசனிலிருந்து 13 வீரர்களோடும், தாக்குதலுக்கும் தடுப்புக்கும் பொறுப்பான தன் உதவிப் பயிற்சியாளர்களோடும் வந்து இறங்கினார். எய்டன் ஃபிஷர், மிக்கேல் கமாரா, டி'ஆஞ்சலோ பாண்ட்ஸ், எலைஜா சராட் எல்லாரும் அப்படி வந்தவர்கள்தான். வயதில் கொஞ்சம் மூத்தவர்கள், அவர் சொல்வதை ஏற்கெனவே அறிந்தவர்கள். வருங்காலத்தில் பெரிய ஆளாக வருவான் என்று சொல்லப்படும் பையனைவிட, களத்தில் ஏற்கெனவே செய்து காட்டியவனைத்தான் எடுப்பேன் என்பது அவர் கொள்கை.

பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக ஒஹாயோ பல்கலைக்கழகத்திலிருந்து கர்டிஸ் ரோர்க் வந்தார். முன்னே சொன்ன ஒஹாயோ ஸ்டேட் வேறு, இது வேறு. கனடாக்காரர், ஒன்டாரியோவின் ஓக்வில் ஊர்.

சரி, சீசனுக்கு வருவோம். அவர்கள் ஆடும் பிக் டென் பிரிவில், பெயரில் பத்து இருந்தாலும், அந்த ஆண்டு 18 அணிகள். செய்தியாளர்களின் கணிப்பில் இந்தியானாவுக்கு 17ஆவது இடம். முதல் ஆட்டம் 31-7 வெற்றி, இரண்டாவது 77-3. சின்ன அணிகள் என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. மூன்றாவது ஆட்டம் கலிஃபோர்னியாவின் ரோஸ் பவுல் அரங்கில், யுசிஎல்ஏ என்ற அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் அணிக்கு எதிராக. 42-13. அக்டோபரில் நெப்ராஸ்காவை 56-7 என்று அடித்தபோதுதான் நாடு திரும்பிப் பார்த்தது.

அந்த ஆட்டத்தில் ரோர்க்கின் கட்டை விரல் அடிபட்டு அறுவை சிகிச்சை வரை போனது. அடுத்த வாரம் வாஷிங்டனுக்கு எதிராக டேவன் ஜாக்சன் ஆடினார். அவருடைய அண்ணன் இந்தியானாவின் கூடைப்பந்து நட்சத்திரமாக இருந்த ட்ரேஸ் ஜாக்சன்-டேவிஸ். அந்த ஊரில் எந்தக் கதையும் எப்படியாவது கூடைப்பந்துக்கு வந்துவிடும்! எதிரணி வீசிய பந்தைப் பாண்ட்ஸ் பறித்துக்கொண்டு ஓடிப் புள்ளியாக்க, 31-17 என்று அந்த ஆட்டமும் கைக்கு வந்தது. அன்று காலை தேசியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று ப்ளூமிங்டனிலிருந்தே ஒளிபரப்பானது. அதில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? புகைப்படம் எடுத்துக்கொண்டாரே, அதே லீ கோர்சோ.

ரோர்க் ஒரே வாரத்தில் திரும்பிவிட்டார். மிஷிகன் ஸ்டேட்டுக்கு எதிராக இந்தியானா 0-10 என்று பின்தங்கியது. சீசனிலேயே முதல்முறையாகப் பின்தங்கியது அப்போதுதான். பிறகு தொடர்ந்து 47 புள்ளிகள் எடுத்து முடித்தார்கள். அடுத்தது மிஷிகன், முந்தைய ஆண்டின் தேசிய சாம்பியன். அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் இந்தியானாவின் தாக்குதல் சுத்தமாகப் படுத்துவிட்டது. தடுப்பாட்டக்காரர்கள்தான் இழுத்துப் பிடித்து 20-15 என்று காப்பாற்றினார்கள். பத்தாவது வெற்றி. அழகான ஆட்டம் இல்லை, ஆனால் பழைய இந்தியானா தோற்றிருக்கக்கூடிய ஆட்டம் அது.

ஒஹாயோ ஸ்டேட்டில் மாட்டிக்கொண்டார்கள். முதலில் 7-0 என்று முன்னிலை எடுத்ததும் இந்தியானாதான். பிறகு பந்தை உதைத்து அனுப்ப வேண்டிய ஒருமுறை அது கைநழுவியது, இன்னொருமுறை உதைத்த பந்தைப் பிடித்து கேலப் டவுன்ஸ் 79 கெஜம் ஓடிவிட்டார். 38-15 என்று தோல்வி. அடுத்த வாரம் ஊர்ப் பகையாளி பர்டூவை 66-0 என்று அடித்த ஆத்திரத்தில் அதுவும் கொஞ்சம் கலந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பட்டத்துக்கான தொடரில் 12 அணிகள் ஆடும் முறை அந்த ஆண்டுதான் வந்தது. அதன் முதல் ஆட்டமே இந்தியானாவுக்கும் அதே மாநிலத்தின் நோட்டர் டேமுக்கும், டிசம்பர் 20 இரவு. ரோர்க் வீசிய ஒரு பந்தை எதிரணி கோட்டருகே பறித்தது. அடுத்த ஓட்டத்திலேயே நோட்டர் டேமின் ஜெரமையா லவ் 98 கெஜம் ஓடினார். கடைசியில் இந்தியானா இரண்டு முறை புள்ளியெடுத்து 27-17 என்று தோல்வியைச் சுருக்கிக்கொண்டது. அவ்வளவுதான், உடனே ஆரம்பித்துவிட்டார்கள்: எளிதான எதிரிகளோடு ஆடி உள்ளே நுழைந்த அணி, இடம் கொடுத்திருக்கவே கூடாது என்று. எதிரிகளில் பலர் வலுவில்லாதவர்கள் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் இந்தியானா தோற்றது இரண்டே அணிகளிடம். அந்த ஆண்டு இறுதியாட்டத்தில் மோதிய இரண்டு அணிகளும் அவைதான்.

ஜனவரியில்தான் இன்னொன்று வெளியே வந்தது. ரோர்க்கின் வலது முழங்காலில் தசைநார் ஆகஸ்டு பயிற்சியிலேயே கிழிந்திருக்கிறது. சீசன் முழுவதும் அந்தக் காலோடுதான் ஆடி, 29 முறை பந்தை வீசிப் புள்ளியாக்கியிருக்கிறார்.

அடுத்த ஆண்டு சிக்னெட்டியின் அணி ஒரு தோல்வியும் இல்லாமல் தேசியப் பட்டமே வென்றது. இந்தப் புகழில் எல்லாரும் மறந்துவிடும் ஒரு கல்லூரி ஜேம்ஸ் மேடிசன். பயிற்சியாளரும் போய், நல்ல வீரர்களும் போய், அவர்கள் கதி என்ன ஆயிற்று? பாப் செஸ்னி என்பவரைக் கொண்டுவந்தார்கள். அவர் 2024 செப்டம்பரில் வட கரோலினாவை அவர்கள் திடலிலேயே 70-50 என்று சாய்த்து, சீசனில் 9 வெற்றிகள் எடுத்தார். 2025இல் அந்தச் சின்னக் கல்லூரியைப் பட்டத் தொடர் வரை கொண்டுபோனார். அந்த டிசம்பரிலேயே யுசிஎல்ஏ வந்து அவரையும் அழைத்துக்கொண்டது. ஜேம்ஸ் மேடிசன் மறுபடி பயிற்சியாளரைத் தேட வேண்டியதாயிற்று.

நன்றி, வணக்கம்.