பைக் டூர் பை வாங்கப் போறீங்களா? லிட்டரை விடுங்க, பட்டையைப் பாருங்க!

[காட்சி: சென்டர் ஸ்டாண்டில் பைக். பின் சீட்டில் கட்டிய பையை இரண்டு கைகள் பிடித்து உலுக்குகின்றன.]

மக்களே, வணக்கம்! நான் உலுக்கியது பையை, ஆடியது வண்டி. கவனித்தீர்களா? பையோடு சேர்ந்து வண்டியே அசைந்தால் கட்டு சரி. பை மட்டும் தனியாக அசைந்தால், அதை நம்பிப் பாளை பஸ் ஸ்டாண்டைக்கூடத் தாண்டாதீர்கள். கடைக்குப் போகும் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை லிட்டர்?" என்றுதான், அதாவது பை எவ்வளவு கொள்ளும் என்று. நான் முதலில், பையை வண்டியோடு இறுக்கிக் கட்டும் பட்டையைத்தான் புரட்டிப் பார்ப்பேன்.

வகைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கவாட்டில் தொங்குவது சேடில் பேக். டேங்க் மேல் உட்காருவது டேங்க் பேக். கம்பி கட்டி மேலே வைக்கும் பெட்டி டாப் பாக்ஸ். பின் சீட்டில் படுப்பது டெயில் பேக். இன்றைக்கு நம் பேச்சு இதைப் பற்றி மட்டும். வீட்டில் ஒருவரை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் சேடில் பேக் பக்கம் போய்விடுங்கள்.

[காட்சி: நான்குவழிச் சாலை, இரு பக்கமும் காற்றாலைகள்.]

இந்த இடம் தெரிகிறதா? திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் வழி. வள்ளியூர், பணகுடி தாண்டிக் காவல்கிணறு. ஆனி, ஆடியில் இங்கே வண்டி ஓட்டியவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று கேரளா பக்கமிருந்து வந்து ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நெருக்கிக்கொண்டு பாயும். முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்பது அதனால்தான்.

தெற்கே போகும்போது அந்தக் காற்று உங்கள் வலப்பக்கம் அறையும். வண்டியை வலப்பக்கம் லேசாகச் சாய்த்துப் பிடித்தே ஓட்டுவீர்கள். அப்போது ஒரு லாரி வலப்பக்கம் முந்தி வரும். லாரியின் உடம்பு காற்றை மறைத்துவிடும். சாய்ந்திருக்கிற வண்டி லாரியை நோக்கி ஒரு இழுப்பு இழுக்கும். லாரி தாண்டியதும் மறுபடி ஒரு அறை. இரண்டு மூன்று விநாடிக்குள் இவ்வளவும் நடக்கும். பை இளக்கமாக இருந்தால், அந்த நேரத்தில் பத்துக் கிலோ எடை உங்கள் முதுகுக்குப் பின்னால் தன் இஷ்டத்துக்கு நகரும்.

எனக்கு நடந்தது. 70 லிட்டர் பை, பாதிதான் நிரம்பியிருந்தது, குறுக்கே இரண்டே பட்டை. காவல்கிணறு பக்கம் என்னவோ சரியில்லை என்று தோன்றி ஓரம் கட்டினேன். பை இடப்பக்கம் சரிந்து கிடந்தது. இழுத்துக் கட்டியது போக மிச்சமிருந்த பட்டை நுனி கீழே தொங்கியது. ஒரு சாண் நீளத்துக்குப் பஞ்சு பஞ்சாகப் பிரிந்து, டயர் கருப்பு ஏறியிருந்தது. அது செயினில் சுற்றியிருந்தால்? அந்த நுனியை வெட்டி இன்னும் வண்டிச் சாவியோடு வைத்திருக்கிறேன்.

[காட்சி: அந்தப் பட்டை நுனி, மிக அருகில்.]

அதனால்தான் சொல்கிறேன்: நான்கு மூலைக்கும் நான்கு பட்டை வேண்டும். முன்பட்டை இரண்டும் சீட்டுக்கு அடியில் போய்ப் பையை முன்னால் இழுக்க வேண்டும். பின்பட்டை இரண்டும் கிராப் ரெயிலிலோ (பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளும் கம்பி) சேசிஸ் கம்பியிலோ மாட்டிப் பின்னால் இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் எதிரெதிராக இழுத்தால்தான் பை அசையாது. இண்டிகேட்டர் தண்டில் மாட்டவே மாட்டாதீர்கள், அது பிளாஸ்டிக். மிச்சப் பட்டையைச் சுருட்டிச் செருக இடம் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். கிளம்பி 20, 30 கிலோமீட்டரில் ஒரு டீக்கடையில் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். உள்ளே துணி அமுங்கிப் பட்டை இளகியிருக்கும்.

லிட்டர்? தனியாக இரண்டு நாள் போக 30 முதல் 40 போதும். பாதி காலியான பெரிய பையைவிட நிறைந்த சின்னப் பை எவ்வளவோ மேல். கிரீகா என்ற இங்கிலாந்துக் கம்பெனி 10, 20, 30 லிட்டர் பைகளை ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்படி செய்கிறது. எனக்கு மிகவும் பிடித்த யோசனை அது. கனமான சாமானை அடியில், உங்கள் முதுகை ஒட்டி வையுங்கள். பின் அச்சுக்கு அப்பால் எடை போனால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் தத்தளிக்கும்.

இனி துணி. "1680 டி, தண்ணியே போகாது சார்" என்று சொல்லி விற்பார்கள். டி என்றால் டினியர். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அதுதான் டினியர். ஒற்றைப் பட்டு இழை கிட்டத்தட்ட 1 டினியர். 1680 என்றால் ஒன்பது கிலோமீட்டர் நூல் 1 கிலோ 680 கிராம். எனக்கு இந்தக் கணக்கு அவ்வளவு பிடிக்கும்! ஆனால் பாருங்கள், இதில் தண்ணீர் என்ற பேச்சே இல்லை. அது நூலின் பருமன். உராய்வுக்கும் கிழிசலுக்கும் தாங்கும், அவ்வளவுதான். தண்ணீரைத் தடுப்பது உள்பக்கம் பூசிய பூச்சு.

அந்தப் பூச்சையும் ஊசி குத்திவிடுகிறது. என் பையைத் தைக்கக் கொடுத்தபோது தார்ப்பாய் தைக்கும் அண்ணாச்சி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் காட்டினார். "தம்பி, தையல் போன இடமெல்லாம் ஓட்டைதானே?" வரிசையாக ஊசித்துளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வெளிச்சம்.

"அதுக்குத்தான் ரெயின் கவர் இருக்கே" என்பீர்கள். குற்றாலச் சாரலில் ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகப் போய்ப் பாருங்கள். கவர் மேலேதான் மூடும், அடிப்பக்கம் திறந்தே கிடக்கும். பின்சக்கரம் வாரி இறைக்கிற தண்ணீர் நேராக அங்கே ஏறும்.

எனவே நம் ஊர் மழைக்கு, தைக்காமல் சூட்டில் ஒட்டிய ரோல் டாப் பைதான் என் தேர்வு. ஜிப் கிடையாது, வாயைச் சுருட்டி இரண்டு பக்கமும் பக்கிள் போட வேண்டும். பாய் சுருட்டத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். இறுக்கிச் சுருட்டிய பத்தமடைப் பாய்க்குள் விரல் நுழையாது. ஏனோதானோ என்று சுருட்டினால் கையே போகும். காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டுக் குறைந்தது மூன்று சுற்று. வாய் வரை சாமானை அடைத்தால் சுருட்ட இடமே இருக்காது, அதையும் லிட்டரில் கழித்துக்கொள்ளுங்கள்.

சைலன்சர் சூடு பையில் படக் கூடாது. டெயில் லைட்டும் நம்பர் பிளேட்டும் மறையக் கூடாது.

கடைசியாக, நெல்லைக்காரர்களுக்கு மட்டும். எந்த ஊருக்குக் கிளம்பினாலும் "அல்வா வாங்கிட்டு வா" என்பார்கள். கருப்புப் பை வெயிலில் கொதிக்கும், நெய் உருகி அட்டைப் பெட்டியைத் தாண்டும். எவர்சில்வர் தூக்குச்சட்டியில் மாற்றி, துண்டு சுற்றி, பையின் நடுவில் அடிப்பக்கம் நிமிர்த்தி வையுங்கள். நான் பெங்களூர் வரை அப்படித்தான் கொண்டுபோனேன், ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

உங்கள் வண்டி எது, முன்பட்டையை எந்தக் கம்பியில் மாட்டுகிறீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள் மக்களே. படம் அனுப்பினால் இன்னும் நல்லது. கிராப் ரெயில் இல்லாத வண்டிக்காரர்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள், அடுத்த வீடியோவில் உங்கள் கட்டுகளை வைத்தே காட்டுகிறேன்.