வாயை எதற்கு இரவல் வாங்க வேண்டும்?

நடுவர் அவர்களே, கானாடுகாத்தான் பெரியோர்களே, ஆச்சிமார்களே, வணக்கம்.

குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாமா என்பது கேள்வி. "நீச்சல் தெரியாதவன் ஊருணியில் குதிக்கிற கதை" என்றார் எதிரணி அண்ணன். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், உவமை நன்றாகத்தான் இருந்தது. சட்டம்தான் அப்படி இல்லை.

1984-ல் வந்த குடும்ப நீதிமன்றச் சட்டம், 13-வது பிரிவு. இங்கே வக்கீல் வைத்துக்கொள்வது யாருக்கும் உரிமை கிடையாது. நீதிபதி அனுமதித்தால் உண்டு. தேவைப்பட்டால் நீதிபதியே ஒரு சட்டம் தெரிந்தவரை உதவிக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம். ஊருணி வெட்டினவனே "படி கட்டியிருக்கிறேன், நடந்தே இறங்கு" என்கிறான் அண்ணே!

சரி, அங்கே என்னதான் கேட்பார்கள்? ஜீவனாம்சம் என்றால் முக்கால்வாசி கணக்குதான். 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரண்டு தரப்பும் வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்கச் சொல்லிவிட்டது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய்ப் பேரேடு எழுதினவர்களின் ஊர் இது. சீர்ச் சாமானை, வெள்ளிக் குத்துவிளக்கு முதல் எவர்சில்வர் கரண்டி வரை பட்டியல் போட்டு வைத்திருக்கிற ஆச்சிக்கு, பள்ளிக்கூடப் பணமும் பால் கணக்கும் எழுத ஆள் வேண்டுமா? வக்கீல் வைத்தாலும் அவர் முதலில் அந்த நோட்டைத்தான் கேட்பார்.

கஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வாய்தாவுக்குப் போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்துவிடலாம். மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். நாலு பேர் முன்னால் சொந்தக் கதையைச் சொல்லும்போது தொண்டை அடைக்கும். எதிர்த்தரப்பு அனுமதி வாங்கி வக்கீலோடு வந்து நின்றால்? சிவகங்கையில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ம் வருடச் சட்டப்படி, பெண்ணுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச உதவி உண்டு.

"அங்கே உதவிக்கு வருகிறவரும் வக்கீல்தானே" என்று அண்ணன் சிரிக்கிறார். ஆமாம், வக்கீல்தான். வழி கேட்டுக்கொள்வது வேறு, நடக்கிற காலையே அடகு வைப்பது வேறு. அடகுக்கணக்கு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எதிரணிக்கு ஒரே ஒரு கேள்வி. பிள்ளை யாரிடம் இருப்பது என்கிற வழக்கு. "ராத்திரி காய்ச்சல் வந்தால் பிள்ளை என்ன கொடுத்தால் குடிக்கும்?" என்று நீதிபதி கேட்கிறார். உங்கள் வக்கீல் அப்போது யார் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார்?